சரிபார்க்க முடியாத மதிப்பெண்

மாணவரின் முந்தைய தேர்வுகளைக் கொண்டு அடுத்த மதிப்பெண்ணைக் கணித்து, அதற்கும் அவர் பெற்றதற்குமான வேறுபாட்டை ஆசிரியரின் கணக்கில் எழுதுவதே ‘மதிப்புக் கூட்டல்’ முறை. மதிப்பெண் வேறுபாடுகளில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரையே எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் சுட்டிக்காட்டியது.

கறுப்பின, லத்தீன் மாணவர்கள் பெரும்பான்மையாகப் பயிலும் ஹூஸ்டன் பள்ளி மாவட்டம், இக்கணக்கைப் பணிநீக்கத்திற்கும் பயன்படுத்தியது. சூத்திரமோ தனியார் நிறுவனத்தின் வணிக இரகசியம். ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், உரிய சட்ட நடைமுறை மீறப்பட்டது என்ற வாதத்தை விசாரணைக்குரியதெனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் ஏற்றது. அவ்வாண்டே சமரசம் ஏற்பட்டது: சரிபார்க்க முடியாதவரை அம்மதிப்பெண்ணால் பணிநீக்கம் இல்லை.

அளவிடுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வறுமையும் பாகுபாடும் உண்டாக்கிய இடைவெளியை ஆசிரியரின் குற்றமாக்கும் கணக்கு, அரசின் பொறுப்பை மறைக்கிறது. தண்டிக்கும் கணக்கைத் திறந்து காட்டுமாறு கேட்பது சலுகையன்று, உரிமை.