இளவரசன் இன்னும் ஓடுகிறான்

கடந்த பொங்கலுக்கு மகன் குடும்பத்துடன் சென்னையிலிருந்து வந்திருந்தான். "அப்பா சின்ன வயசுல கம்ப்யூட்டர்ல என்ன விளையாடுவாங்க, தாத்தா?" என்று கேட்டாள் பத்து வயதுப் பேத்தி. பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பிளாப்பிப் பெட்டியை எடுத்தேன். நான்கு பிளாப்பிகள் இருந்தன. இரண்டில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. நம் தீவுக் காற்றின் ஈரம் எதைத்தான் விட்டுவைக்கிறது! நல்லவேளையாக, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ இருந்த பிளாப்பி தப்பியிருந்தது.

யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக் கோப்புகளைப் புதிய கணிப்பொறியில் ஏற்றினோம். விளையாட்டைத் திறந்தால், இந்தக் கணிப்பொறியில் ஓடாது என்று விண்டோஸ் கைவிரித்துவிட்டது. புது வெள்ளம் வந்து பழைய வெள்ளத்தை அடித்துக்கொண்டு போன கதைதான்.

காரணம் எளியது. இவை டாஸ் காலத்து விளையாட்டுகள். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் அடியில் டாஸ் இருந்ததால் பெரும்பாலும் ஓடின. 2001-இல் வந்த எக்ஸ்.பி.யின் அடித்தளமே வேறு. அதில் பல விளையாட்டுகள் ஓசையின்றித் தடுமாறின. 64 பிட் விண்டோஸோ 16 பிட் நிரல்களை ஏற்பதே இல்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது.

இதற்கு மருந்து ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள். 2002 முதல் கிடைத்து வருகிறது. பழைய கணிப்பொறியின் செயலி, திரை, ஒலி அட்டை எல்லாவற்றையும் புதிய கணிப்பொறிக்குள் நடித்துக் காட்டுவது இதன் வேலை. விளையாட்டுக் கோப்புகளை ஒரு தனி அடைவில் வைத்து, ‘மவுண்ட்’ கட்டளையால் அதை டாஸ்பாக்ஸுக்குக் காட்டினால் போதும். ஆட்டம் தலைதெறிக்க ஓடினால் கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11-ஐ அழுத்துங்கள், வேகம் குறையும். எஃப் 12 வேகத்தைக் கூட்டும்.

முன்பெல்லாம் இத்தகைய மென்பொருள் வேண்டுமானால், கப்பலில் வருபவர் யாரிடமாவது குறுவட்டில் கொண்டுவரச் சொல்வோம். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி தொடங்கிவைக்கப்பட்ட பிறகு அந்தக் கவலை குறைந்தது. ஆனால், பிளாப்பியில் அழிந்துபோனதை எந்தக் கம்பியும் கொண்டுவந்து தராது.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னருக்கே அந்த அனுபவம் உண்டு. 1989-இல் ஆப்பிள் கணிப்பொறிக்காக அவர் எழுதிய மூல நிரல் பல ஆண்டுகள் காணாமற்போயிருந்தது. 2012-இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியில் கிடந்த பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். உள்ளே அந்த வட்டுகள்! பழைய வட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் துணையுடன் நிரலை மீட்டு, அனைவரும் காண வெளியிட்டார். இளவரசனின் ஓட்டத்துக்கு மாதிரி அவருடைய தம்பி ஓடிய ஓட்டம். அதை வீடியோவில் எடுத்துத்தான் வரைந்தார். ஒரு தந்தை பெட்டியைத் தூக்கி எறியாததால் கிடைத்த பயன் இது.

எங்கள் வீட்டிலும் ஒரு பயன் கிடைத்தது. கல்லூரிக்குக் கப்பலேறுமுன் மகன் சேமித்து வைத்த ஆட்டம் அந்த பிளாப்பியிலேயே இருந்தது: ஏழாம் நிலை, 22 நிமிடம் மீதம். விட்ட இடத்திலிருந்து அவன் ஆடினான். பேத்தி அருகில் அமர்ந்து, "குதிங்கப்பா, குதிங்க!" என்று கத்தினாள். இளவரசியை மீட்குமுன் நேரம் தீர்ந்துவிட்டது. மறுநாள் முதல் நிலையிலிருந்து பேத்தியே தொடங்கினாள்.

பூஞ்சணம் பிடித்த இரண்டு பிளாப்பிகளில் என்ன இருந்ததென்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆகவே அன்பர்களே, மே மாத மழை தொடங்குமுன் உங்கள் பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் படியெடுங்கள்; ஒன்றுக்கு இரண்டு இடங்களில் வையுங்கள். ஓடவைக்கும் வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.