பிள்ளையை விட்டுவிட்டு வருமுன் கேளுங்கள்

மே மாதம் பிறந்தால் நூலகத்தில் கதை சொல்லல், அருங்காட்சியகத்தில் களிமண் பொம்மை, ஜவஹர் சிறுவர் மன்றத்தில் ஓவியம், சிலம்பம் என்று கோடை முகாம்கள் களைகட்டிவிடும். பள்ளியில் சேர்க்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் பெற்றோர்கூட, "பெரிய இடம்தானே" என்ற நம்பிக்கையில் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பள்ளியில் வகுப்பாசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். முகாமிலோ சொல்லித்தருபவர் வெளியிலிருந்து வருகிறார், தன்னார்வலர்கள் நாளுக்கொருவராக மாறுகிறார்கள், அதே கூடத்துக்குப் பொதுமக்களும் வந்துபோகிறார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள்.

சட்டத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம், 18 வயது நிறையாத எவரையும், ஆணானாலும் பெண்ணானாலும், குழந்தையாகவே கொள்கிறது. குழந்தைகளுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ ஒரு குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே குறைந்தது 5 ஆண்டு சிறை. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளர் உட்பட ஒவ்வொருவரையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன அதே சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள். ஆகவே, "சொல்லித்தர வருகிறவருக்குப் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா? பிள்ளையை யாரிடம் திருப்பி ஒப்படைப்பீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

நடனம், சிலம்பம் போன்றவை தொட்டுத் திருத்திச் சொல்லித்தரும் கலைகள். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி நிலை சரியாக வராத பிள்ளையின் முழங்காலையும் தோளையும் ஆசிரியர் பிடித்துத்தான் சரிசெய்வார். கெட்ட எண்ணம் கொண்டவருக்கு அந்தப் பழக்கமே மறைவிடமாகிவிடுகிறது. "இப்போது தோளைத் தொடப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும் கூடத்தில் திருத்துவதே முறை. தனியறையில் தனிப் பயிற்சி என்றால் பெற்றோர் ஒருவர் உடன் இருக்கலாம். நல்ல ஆசிரியர் அதைத் தடுக்க மாட்டார்.

முகாமோ நடன வகுப்போ, ஆண்டுவிழா நாளில் ஒப்பனை அறைக்குள் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதே அறையில் மேக்கப் போடுபவர், வாடகை நகை கொண்டுவந்தவர், புகைப்படக்காரர், கையில் செல்போனோடு யாரோ ஒருவரின் உறவினர். உடை மாற்றத் தனி இடம் வேண்டும். வாசலில் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெண் ஒருவர் நிற்க வேண்டும். செல்போன் உள்ளே போகவே கூடாது.

குரு சொன்னால் மறுபேச்சு கூடாது என்று நாமே சொல்லி வளர்க்கிறோம். கலையில் அந்தப் பணிவு சரி. தன் உடம்பைப் பற்றிய விஷயத்தில், குருவானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள். அது நடந்தபோது அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் எடுத்துவையுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறையிடம் சொல்வது எவருக்கும் கடமை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குப் போட முடியாது. தன் ஊழியர் செய்ததை மூடி மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உங்களிடம் சமாதானம் பேச வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. ஆனால் சட்டப்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும்; கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. சிறப்பு நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் உத்தரவிடலாம்.

குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். முகாமுக்கு அனுப்புமுன் பிள்ளையையும் இந்த எண்ணை மனப்பாடம் செய்யவையுங்கள்.