மெரூன் மெரூனாகவே தெரிய...

வீட்டிலேயே ஆரி வேலை செய்து, ப்ளவுஸ் விற்கிறேன். செல்போனில் படமெடுத்து அனுப்பினால், மெரூன் சிவப்பாகத் தெரியும். 'படத்துல ஒரு கலர், நேர்ல ஒரு கலரா இருக்கே...' என, இரண்டு பேர் திருப்பிக் கொடுத்து விட்டனர். சீட்டுப் பணத்தில், கேனான் 1500டி கேமராவை, 18-55 லென்சுடன் வாங்கினேன். 24 மெகாபிக்சல் தான். ஆனால், படம் பதியும் சென்சார், செல்போனில் இருப்பதை விடப் பெரிது. ஜரிகை, மணியெல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. அதன்பின், ஒரு ப்ளவுஸ் கூடத் திரும்பவில்லை.

தோழியரே... கேமராவை, 'பி' மோடில் வைத்து, ஜன்னலோரம், ப்ளாஷ் போடாமல், முதலில் வெள்ளைத் தாளைப் படமெடுங்கள். மெனுவில், 'கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்' போய், அந்தப் படத்தைக் காட்டி, ஒயிட் பேலன்சையும், 'கஸ்டம்' என மாற்றினால், நிறம் அச்சு அசலாக வரும். வெளிச்சம் மாறினால், மறுபடி தாளைப் படமெடுக்க மறந்துடாதீங்க!

— ஓர் இல்லத்தரசி, சின்னாளபட்டி.