உங்களுக்குத் தெரியுமா? கடல் குதிரைக்கும் விடுதி உண்டு!

கடல் குதிரை மிக மெதுவாக நீந்தும் மீன். நீரோட்டம் அடித்துச் செல்லாதிருக்க, கடற்புல்லையோ கடற்பஞ்சையோ வாலால் பற்றிக்கொண்டே வாழ்கிறது. பிடிமானம் அழிந்தால் அதற்கு வாழ்வில்லை.

■ தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா கடல் குதிரை, மூன்று கழிமுகங்களில் மட்டுமே வாழும் அருகிவரும் இனம். அங்குள்ள தீசன் தீவுகளில் கால்வாய்க் கரை அரிக்காதிருக்கக் கல் நிரப்பிய கம்பிக் கூண்டுகளை அடுக்கினார்கள். இயற்கையான கடற்புல் படுகையைவிட அந்தக் கூண்டுகளில் கடல் குதிரைகள் நெருக்கமாக வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

■ ஆஸ்திரேலியாவில், கைவிடப்பட்ட நண்டுக் கூண்டுகளில் கடல் குதிரைகள் தங்குவதைக் கண்டு, கம்பியாலான ‘கடல் குதிரை விடுதி’களை அமைத்தார்கள். 2020இல், மீன் காட்சியகத்தில் வளர்த்த குஞ்சுகளைச் சிட்னி துறைமுகத்தில் இந்த விடுதிகளில் விட்டார்கள். பாசியும் கடற்பஞ்சும் படர்ந்த பிறகு கம்பி மெல்லத் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். உயிர்கள் மட்டும் நிலைக்கும்.

■ நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் குதிரைகள் உண்டு. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் இழுவலைகளில் சிக்கி மடிகின்றன.

■ இத்தகைய செயற்கை அமைப்புகள் நம் கடலிலும் உண்டு. தூத்துக்குடி அருகே, கடல் அரித்துச் சுருங்கிய வான் தீவைக் காக்க, 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கினார்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்பசுக் காப்பகமானது. அங்கே காக்கப்படும் கடற்புல், கடல் குதிரைக்கும் வீடு. கம்பிக் கூண்டு தற்காலிக உதவிதான். கடற்புல்லைக் காப்பதே நிலையான வழி.