செல்போன் திரை மக்கர் செய்கிறதா?

இரவு படுக்கப் போகிற நேரத்தில், "புது அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றட்டுமா?" என்று செல்போன் கேட்கிறது. "சரி" என்று தட்டிவிட்டுத் தூங்கிப் போகிறோம். காலையில் பால்காரருக்குப் பணம் அனுப்பலாம் என்று எடுத்தால், திரையில் படமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது; ஆனால் எங்கே தொட்டாலும் அசைய மாட்டேன் என்கிறது! மணி அடிக்கிறது, எடுக்க முடியவில்லை.

இப்படி நேர்ந்தால் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதுதான். அங்கேதான் ஆபத்து இருக்கிறது, சகோதரிகளே! "எல்லாத்தையும் அழிச்சிட்டு ரீசெட் போட்டாத்தான் சரியாகும்" என்பார்கள். நாமும் தலையாட்டி விடுவோம்.

எங்கள் தெருவில் ஓர் இளம் தாய்க்கு அப்படித்தான் ஆயிற்று. குழந்தை பிறந்ததிலிருந்து முதல் ஆண்டு நிறைவு வரை எடுத்த படங்கள் அத்தனையும் போனில் மட்டுமே இருந்தன. திரை சரியாயிற்று, படங்கள் போயே போயின. "போன் போனா வேற வாங்கிக்கலாம்க்கா, அவன் தவழ்ந்தது திரும்ப வருமா?" என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே ரீசெட் என்பது கடைசி மருந்து. அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடிய கைவைத்தியங்கள் பல உண்டு.

அப்டேட்டுக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம்?

போன் கண்ணாடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. நம் விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்னூட்டம் லேசாக மாறுகிறது. இந்த வகைத் தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தைச் சேர்ந்த ஈ.ஏ. ஜான்சன் என்பவர் 1965-லேயே எழுதிவிட்டார். ஆனால், "விரல் இங்கே பட்டது" என்று கணக்குப் பார்த்துச் சொல்வது மென்பொருள். அப்டேட் மாற்றுவது அந்த மென்பொருளைத்தான். அதனால் அப்டேட் ஆன மறுநாளே திரை வேலை செய்யவில்லை என்றால், கண்ணாடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

2018-இல் ஐபோன் 8 வைத்திருந்த சிலருக்கு இதே கதி வந்தது. 11.3 என்ற அப்டேட் ஏற்றியதும் தொடுதிரை செத்துப் போயிற்று. ஏற்கெனவே உடைந்த திரையை எடுத்துவிட்டு, ஒரிஜினல் அல்லாத திரை மாற்றிய போன்களில்தான் இந்தக் கோளாறு. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் 11.3.1 என்ற அடுத்த அப்டேட் வந்து அதைச் சரி செய்துவிட்டது. அவசரப்பட்டு மறுபடி திரை மாற்றியவர்களுக்குக் காசுதான் தண்டம்.

இனி வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் கையைத் துடையுங்கள்

ஈரக் கை, மாவுக் கை, எண்ணெய்க் கை எதையும் இந்தத் திரை சரியாகப் புரிந்துகொள்ளாது. கையையும் திரையையும் மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், மட்டமான சார்ஜர் செருகியிருந்தால்கூடத் திரை தாறுமாறாக நடந்துகொள்ளும். திரை மேல் ஒட்டிய கண்ணாடி கார்டு தடிமனாகவோ, ஓரம் தூக்கியோ இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

2. சற்றுப் பொறுங்கள்

அப்டேட் ஆனதும் போன் உள்ளுக்குள் நிறைய வேலை செய்துகொண்டிருக்கும். சூடாகவும் இருக்கும். உறையைக் கழற்றி, அரை மணி நேரம் சும்மா வையுங்கள். சூடு தணியட்டும் என்று ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

3. பொத்தானால் அணைத்துப் போடுங்கள்

திரையைத் தொடாமலே போனை மறுபடி தொடங்க வழி இருக்கிறது. சாம்சங் போன்களில் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து, திரை அணைகிற வரை அழுத்த வேண்டும். வேறு சில ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை மட்டும் அரை நிமிஷம் அழுத்தினால் போதும். ஐபோன் 8-க்குப் பின் வந்தவற்றில், சத்தம் கூட்டும் பொத்தானைத் தட்டி விட்டு, குறைக்கும் பொத்தானையும் தட்டி விட்டு, பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும் வரை பிடித்திருக்க வேண்டும். இதனால் படங்கள் அழியாது.

ஒரு எச்சரிக்கை: ஆண்ட்ராய்டு போனில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றால், அதில் 'வைப் டேட்டா' என்ற வரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ரீபூட்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்து வெளியே வாருங்கள்.

4. போன் உங்களோடு பேசுகிறதா?

தொட்டதை எல்லாம் போன் வாய்விட்டுச் சொல்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் அது கோளாறே அல்ல. பார்வையற்றோருக்கான 'டாக்பேக்' வசதி திறந்துகொண்டிருக்கிறது. சத்தம் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் குழந்தை சேர்த்துப் பிடித்தாலே சில போன்களில் இது வந்துவிடும். அதே இரண்டையும் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். போகாவிட்டால், வேண்டியதை ஒரு முறை தொட்டு, பிறகு இரண்டு முறை தட்டினால் திறக்கும். நகர்த்த இரண்டு விரல்களைப் பயன்படுத்துங்கள்.

5. சேஃப் மோட்

பல ஆண்ட்ராய்டு போன்களில், அணைத்துப் போடும்போது கம்பெனிப் பெயர் தெரிந்ததும் சத்தம் குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தால், மூலையில் 'சேஃப் மோட்' என்ற எழுத்தோடு போன் திறக்கும். அப்போது திரை ஒழுங்காக வேலை செய்தால், நாம் ஏற்றிய ஏதோ ஒரு ஆப்தான் வில்லன். கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

6. மௌஸ் வைத்தியம்

எதற்குமே அசையவில்லையா? கம்ப்யூட்டர் மௌஸ் ஒன்றையும், 'ஓடிஜி' என்று கேட்டால் கடையில் தருகிற சிறு இணைப்பானையும் வாங்கி, சார்ஜர் துளையில் செருகுங்கள். திரையில் ஒரு அம்புக்குறி தோன்றும். அதை வைத்தே பூட்டைத் திறக்கலாம், படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றலாம், அடுத்த அப்டேட் வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். சில போன்களில் ஓடிஜியை முதலில் உள்ளே போய் அனுமதித்தால்தான் இது நடக்கும். அவற்றுக்கு இந்த வழி உதவாது.

கடைக்குப் போவதென்றால்

இத்தனைக்கும் பிறகுதான் கடை. "ரீசெட் செய்யாமல் பார்க்க முடியுமா? திரை மாற்றினால் ஒரிஜினல்தானா? மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரீசெட்டுதான் வழி என்றால், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். போன் மறுபடி திறக்க அதைக் கேட்கும். பேங்க் பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது பேங்கில்தான் இருக்கிறது.

இதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று தள்ளவும் கூடாது. திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். ஏற்றுவதற்கு முன் படங்களை கூகுள் போட்டோஸிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். சார்ஜ் நிறைய இருக்கட்டும். மறுநாள் பரீட்சை, ஊர்ப்பயணம், ஆஸ்பத்திரி என்றிருந்தால் அன்றைக்கு வேண்டாம். கணவர், பள்ளிக்கூடம், டாக்டர், பக்கத்து வீடு — இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். படங்களைப் பிரதி எடுக்கும் வேலையை மட்டும் அப்டேட் வரட்டும் என்று ஒத்திப் போடாமல், குழந்தை தூங்குகிற இன்று மத்தியானமே ஆரம்பித்துவிடுங்கள்.