எலுமிச்சை உப்பு எங்கிருந்து வருகிறது?

முகூர்த்த மாதங்களில் சமையல்காரர் எழுதித் தரும் மளிகைப் பட்டியலில் எலுமிச்சை உப்பு என்று ஒரு வரி இருக்கும். ஜீரா பூத்துப் போகாமலிருக்கவும், பால் திரிக்கவும், சர்பத்துக்கும் இதுதான். வாலாஜாபாத்தில் இதை விற்காத மளிகைக் கடை அபூர்வம். "எலுமிச்சம்பழத்தில் எடுத்ததா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் சில கடைகளில் ஆமாம் என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். அது சரியல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் ஆசிட் சுமார் 5 சதவீதம். ஒரு கிலோ உப்புக்கு 20 லிட்டர் சாறு பிழிய வேண்டும். அந்தப் பழத்தின் விலைக்கு இந்த உப்பை யார் வாங்குவார்கள்?

ஒரு காலத்தில் பழத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1784-ல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தார். பிறகு இத்தாலி நாட்டுப் பழச் சரக்கை நம்பியே உலக வியாபாரம் நடந்தது. முதல் உலகப் போரில் அந்த வரத்து தடைப்பட்டது. 1917-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி என்பவர், சர்க்கரைக் கரைசலில் ஒரு கரும்பூஞ்சையை வளர்த்தால் ஏராளமாகச் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும் என்று எழுதினார். 1919-ல் ஃபைசர் கம்பெனி அதைத் தொழிலாக்கியது.

அந்தப் பூஞ்சை நமக்குப் பழக்கமானதுதான். ஈரம் பட்ட வெங்காய மூட்டையைப் பிரித்தால் தோலில் கரித்தூள் மாதிரி ஒட்டியிருக்குமே, அதே இனம். பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். ஆலையில் இதற்கெனத் தேர்ந்தெடுத்த வகையை வளர்க்கிறார்கள். தீனி சர்க்கரை அல்லது மொலாசஸ். படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்களுக்கு மொலாசஸ் வாடை தெரியும். பெரிய தொட்டியில் சுத்தமான காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், சில நாட்களில் சர்க்கரை புளிப்பாகிவிடும். பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைத்து, கந்தக அமிலத்தால் பிரித்து, கடைசியில் படிகமாக்குகிறார்கள். மூட்டைக்கு வருவது அந்த வெள்ளைப் படிகம்தான். ஆகவே "பூஞ்சையா!" என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. தோசை மாவு புளிப்பதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால்தானே.

பாக்கெட்டில் 330 என்று இருந்தால் இதுதான். அந்த எண் புற்றுநோய் தரும் என்று 1976-ல் பிரான்சில் ஒரு மருத்துவமனையின் பெயரால் துண்டுப் பிரசுரம் பரவியது. அந்த மருத்துவமனையே அதை மறுத்துவிட்டது.

கொள்முதலில் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டையில் மோனோஹைட்ரேட் என்றிருந்தால் 100 கிலோவில் சுமார் 8½ கிலோ தண்ணீர். அன்ஹைட்ரஸ் என்றால் தண்ணீர் இல்லை. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் பேரம் பேச இடமிருக்கிறது. மழைக்காலத்தில் கட்டி தட்டும். ஆகவே காற்றுப் புகாத டப்பா வேண்டும்.

இன்னொன்று. துருக்கறை நீக்க விற்கும் ஆக்ஸாலிக் ஆசிட்டும் பார்வைக்கு இதே வெள்ளைப் படிகம்தான், அது விஷம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒரே கரண்டியால் அள்ளவும் கூடாது. பெயர் எழுதாத பொட்டலமாக இரண்டில் எதையும் தராதீர்கள்.