பத்தாவதில் முதலிடம், இன்டரில் தடுமாற்றம்: முதல் நூறு நாளில் நடப்பது என்ன?

ஜூன் பிறந்தால் திருப்பதி பஸ் நிலையத்தில் இரண்டு வகைக் கூட்டம் இறங்கும். ஒன்று, எப்போதும்போல மலையேறப் போகிற கூட்டம். மற்றது, இரும்புப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் சுருட்டிய மெத்தையுமாக வருகிற குடும்பங்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமநேர், குப்பம் என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ‘இன்டர்’ சேர்த்துவிட்டு இரவுக்குள் ஊர் திரும்பவேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம். ஆந்திரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பெரும்பாலும் பள்ளியில் இல்லை. ஜூனியர் கல்லூரியில் இரண்டாண்டு இன்டர்மீடியட் படிக்கவேண்டும். கணிதம் எடுத்தால் எம்பிசி, உயிரியல் எடுத்தால் பைபிசி. இரண்டு ஆண்டும் வாரியத் தேர்வு உண்டு. அதற்கு மேல் எம்பிசிக்காரருக்கு மாநில நுழைவுத் தேர்வான ஈஏபிசெட் (ஊரார் வாயில் இன்னும் எம்செட்தான்), ஜேஇஇ; பைபிசிக்காரருக்கு நீட். இத்தனைக்கும் ஒரே கட்டடத்தில், விடுதியோடு சேர்த்துப் பயிற்சி தருவதாகச் சொல்லும் கல்லூரிகளில்தான் கூட்டம் அதிகம். ஏர்பேடு பக்கம் போகும் பஸ்ஸிலிருந்தே 2015-இல் தொடங்கிய ஐஐடி கண்ணில் படுகிற ஊரில், ஆசைக்குக் குறைவிருக்காது.

அந்த ஆசை ஆகஸ்டில் அடிவாங்குகிறது. ஊர்ப் பள்ளியில் 600-க்கு 560 வாங்கிய பிள்ளை வாரத் தேர்வில் 300-க்கு 82 வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில், “நைனா, எனக்கு இங்க ஒண்ணுமே புரியல” என்று அழுகிறது. பெற்றோர் பயப்படுகிறார்கள். கல்லூரி அந்தப் பிள்ளையைக் கீழ் செக்‌ஷனுக்கு மாற்றுகிறது. எல்லாரும் சேர்ந்து, பிள்ளைக்குத் திறமை போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைவசம் இருக்கும் ஆதாரங்களைப் பார்த்தால் இந்த முடிவு பெரும்பாலும் தப்பு.

முதலில் அந்த 82-ஐப் பார்ப்போம். ஜேஇஇ மெயின் பாணித் தேர்வில் 75 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கூடும், தவறான விடைக்கு 1 குறையும். ஒரு பிள்ளை 38 கேள்வியைத் தொட்டு 24 சரி, 14 தவறு என்று வைத்துக்கொண்டால் 96-இல் 14 போய் 82. பத்தாம் வகுப்புக் கண்ணோடு பார்த்தால் இது ஃபெயில் மார்க். ஆனால் இதற்கு அடுத்த கட்டமான ஐஐடி நுழைவுத் தேர்வில், 360 மதிப்பெண்ணுக்கு நடந்த 2022 ஜேஇஇ அட்வான்ஸ்டில், பொதுத் தரவரிசைப் பட்டியலுக்குள் வரக் குறைந்தபட்சம் 55 போதுமானதாக இருந்தது. 2025-இல் 74. பத்தாம் வகுப்புத் தேர்வின் வேலை, படித்ததைச் சரிபார்ப்பது. நுழைவுத் தேர்வின் வேலை, லட்சக்கணக்கானவர்களைச் சலித்துப் பிரிப்பது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உட்காரவைத்துச் சொல்ல அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் பல இடங்களில் கிடைப்பதில்லை.

பாடத்திலும் ஒரு பள்ளம் உண்டு. இயற்பியலில் நேர்கோட்டு இயக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிடும். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள டிஃபரன்சியேஷனும் இன்டக்ரேஷனும் வேண்டும். கணித வகுப்பு அந்த இடத்துக்கு வந்துசேர மாதக்கணக்காகும். நடுவில் பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பேற்றுகிறது. இதற்குத்தான் சில கல்லூரிகள் தொடக்கத்தில் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ வைக்கின்றன. வெக்டார், அடிப்படைக் கால்குலஸ், மடக்கை, வரைபடம் வாசிப்பது என்று இரண்டு வாரம் நிதானமாக நடத்தினால் பாதிச் சிக்கல் தீரும். சிலபஸை முடிக்கும் ஓட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த இரண்டு வாரம்தான்.

எல்லைப் பகுதிப் பிள்ளைக்கு இன்னொரு சுமை. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் போனது. கோடு நகர்ந்ததே தவிர, வீட்டுப் பேச்சு நகரவில்லை. இன்றும் அங்கே வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, புத்தகத்தில் ஆங்கிலம். இன்டரில் இரண்டாம் மொழியாகத் தமிழை எடுக்க வாரியம் இடம் தருகிறது. ஆனால் மதிப்பெண் அள்ளலாம் என்று தனியார் கல்லூரிகள் சமஸ்கிருதத்தின் பக்கமே தள்ளுகின்றன. ஆசிரியர் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து வேகமாக நடத்தும்போது நகரிப் பிள்ளைக்குப் பேச்சு புரியும், பாடம் அரைகுறையாகப் புரியும். எழுந்து கேட்டால் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. சந்தேகத்தை எந்த மொழியிலும் கேட்கலாம் என்று ஆசிரியர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுவது, கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

தனியாகப் படிப்பதன் விலை

கடினமான பாடத்தில் புதியவர்கள் ஏன் சறுக்குகிறார்கள் என்பதை மிக நெருக்கத்தில் பார்த்தவர் யூரி டிரைஸ்மன். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அங்கே முதலாண்டுக் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் என்னவென்று பேராசிரியர்களைக் கேட்டால், ஊக்கமில்லை, அடித்தளமில்லை, குடும்ப ஆதரவில்லை, வருமானமில்லை என்றார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு மாதக்கணக்கில் பழகிப் பார்த்தார். அந்த நான்கு காரணமும் நிற்கவில்லை. தோற்ற மாணவர்கள் சொன்ன நேரத்துக்கு வகுப்புக்கு வந்தார்கள், வீட்டுக்கணக்கு செய்தார்கள், ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படித்தார்கள். மற்றவர்களோ முதலில் தனியே கணக்குப் போட்டுவிட்டு, மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவன் தனக்கு மட்டும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து அவர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை. ஊரில் முதலிடம் வாங்கி வந்த பிள்ளை அந்தப் பலகை தொங்கும் அறைக்குள் கால் வைக்காது. வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாகப் போடும் பயிலரங்கமாக அதை நடத்தினார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராத வெள்ளை மாணவர்களையும் ஆசிய மாணவர்களையும் தாண்டினார்கள்.

நம் விடுதிகளில் எண்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில் ‘ஸ்டடி ஹவர்’ உட்காருகிறார்கள். பேசினால் வார்டன் பிரம்பால் மேஜையைத் தட்டுவார். கூட்டமாக இருந்தும் தனியாகப் படிக்கிற ஏற்பாடு இது. மூன்று மணி நேர ஸ்டடி ஹவரில் கடைசி நாற்பது நிமிடத்தை நான்கு நான்கு பேராகப் பிரிந்து பேசவிட்டால் செலவு ஒன்றுமில்லை, கொஞ்சம் சத்தம் எழும், அவ்வளவுதான். மீதி நேரத்திலும் மாற்றம் வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். பத்தாம் வகுப்பில் சத்தம் போட்டுப் படித்து ஜெயித்த பிள்ளைக்கு, புத்தகத்தை மூடுவதுதான் புதிய பழக்கம். அதை யாராவது கற்றுத்தர வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 மணி முதல் 10 மணி நேரம் என்பது மருத்துவப் பரிந்துரை. இரவு 10.30-க்கு விளக்கணைத்துக் காலை 5 மணிக்கு எழுப்பினால் ஆறரை மணி நேரம். கணக்குப் படிக்கும் இடத்தில் இந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் வருவதில்லை.

யார் சறுக்கப்போகிறார்கள்?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு அந்நகரப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பைக் கூர்ந்து பார்த்தது. அங்கே அதுதான் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டு. 2005-இல் வெளிவந்த முடிவு: அந்த ஒரு வருடத்தைத் தடம் மாறாமல் முடித்தவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். 2007-இல் வந்த தொடர் ஆய்வு, யார் தோற்பார் என்பதைக் காட்டுவதில் பழைய தேர்வு மதிப்பெண்ணைவிட வகுப்பு வருகையே பல மடங்கு வலுவான அடையாளம் என்றது. இதை வைத்துக்கொண்டு பள்ளிகள் தோல்விக்காகக் காத்திருக்காமல், வருகை சரியத் தொடங்கும்போதே பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தன.

விடுதியில் எல்லாரும் உள்ளேதானே இருக்கிறார்கள், வருகைக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். அடையாளம் வேறு வடிவில் வரும். தேர்வு நாள் பார்த்து வரும் காய்ச்சல். தசரா விடுமுறைக்குப் போனவன் ஒரு வாரம் பிந்தித் திரும்புவது. எந்த ஆசிரியரிடமும் இரண்டு மாதமாக ஒரு சந்தேகமும் கேட்காத நல்ல பிள்ளை. மதிப்பெண் பட்டியல் இதையெல்லாம் பிந்தித்தான் சொல்லும். அருகில் ஒரு பெரியவர் இருந்தால் முந்திச் சொல்வார்.

அந்தப் பெரியவரை ஏற்பாடாகவே வைத்திருக்கும் இடங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபல்லியின் வலசபல்லியில் ஜவஹர் நவோதயா வித்யாலயா இருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே வீட்டைவிட்டு வரும் கிராமத்துப் பிள்ளைகளை நீலகிரி, ஆரவல்லி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு ‘ஹவுஸ்’களாகப் பிரித்து, வளாகத்திலேயே குடியிருக்கும் ஆசிரியர் பொறுப்பில் விடுகிறார்கள். அதே மதனபல்லிக்கு அருகே, அங்கே பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி பள்ளியிலும் விடுதிப் பொறுப்பு ஆசிரியர்களுடையதே. இவற்றின் கட்டணத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் கார்ப்பரேட் கல்லூரியோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பாடம் நடத்துகிறவர் ஒருவர், இரவில் கதவு பூட்டுகிறவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொள்வதே இல்லை என்ற நிலையைத் திருத்தப் பணம் ஒரு தடையல்ல.

இப்படிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரைப் பொறுப்பாக வைப்பது இப்போது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவும் இல்லை. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி விடுதியில் 17 வயது மாணவி உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழிகாட்டு விதிகளைப் பிறப்பித்தது. சட்டம் வரும்வரை அவை கட்டுப்படுத்தும். 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து வழிகாட்டி ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். மதிப்பெண்ணை வைத்து செக்‌ஷன் பிரிப்பதையும், எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கவேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பயிற்சி தரவேண்டும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும்.

பெற்றோர் கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைப் போனின் பத்து நிமிடம். அதில் முதல் கேள்வி பெரும்பாலும், “எத்தனை மார்க் கண்ணு?” அதற்குப் பதில் ஒற்றை எண். அதோடு பேச்சு முடிந்துபோகிறது. “இந்த வாரம் யார்கிட்ட டவுட் கேட்ட? யாரோட உக்காந்து சாப்பிடற?” என்று கேட்டால் விடுதிக்குள் நடப்பது வெளியே வரும். பேரே சொல்லத் தெரியாமல் பிள்ளை இழுத்தால் அடுத்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள்.

பழக நாளாகும் என்று காத்திருக்கலாம். சில நிலைமைகளில் காத்திருக்கக் கூடாது. சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் கெட்டுவிட்டால், நண்பர்களிடமிருந்தும் ஒதுங்கிவிட்டால், வாழ்வதே வீண் என்ற பேச்சு எந்தத் தொனியில் வந்தாலும், அன்றைக்கே பஸ் ஏறிப் பிள்ளையைக் கூட்டி வரவேண்டும். கட்டிய ஃபீஸைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

கல்லூரி நடத்தும் வாராந்தரத் தேர்வுகளின் மதிப்பெண் எந்தச் சான்றிதழிலும் ஏறாது என்பதையும் வீட்டில் சத்தமாகச் சொல்லலாம். முதலாண்டு வாரியத் தேர்வில் ஒரு தாள் போனாலும் இரண்டாம் ஆண்டுக்குப் போகத் தடையில்லை. தேறிய தாளையே கோடையில் துணைத் தேர்வோடு மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளவும் வாரியம் வழி வைத்திருக்கிறது.

இனிமேல்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், ரேங்க் வாங்கியவர்கள் சிரிக்கும் போஸ்டரைத் தாண்டி உள்ளே போய் நான்கு விஷயம் கேளுங்கள். ஆலோசகர் யார், அவரை இப்போது பார்க்க முடியுமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? செக்‌ஷனை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்? ராத்திரி ஸ்டடி ஹவரில் பாட ஆசிரியர் இருப்பாரா, வார்டன் மட்டுமா? பதில் எப்படி வந்தாலும், முழு வருடக் கட்டணத்தையும் ஜூன் மாதமே கட்டிவிடாதீர்கள். தவணை கேளுங்கள். அந்த இடம் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது தசராவுக்குள் தெரிந்துவிடும்.